மகிழ்ச்சியையும் மனநிறைவையும் ஆங்கிலத்தில் எழுத: சரியான சொற்றொடரைத் தேர்ந்தெடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

குறை சொல்லி ஆங்கிலத்தில் கடிதம் எழுத நம்மில் பலருக்கு நன்றாகவே வரும். பொருள் உடைந்து வந்தது, பணம் இரண்டு முறை பிடிக்கப்பட்டது, பதிலே வரவில்லை என்று எழுதுவதற்கான சொற்கள் அலுவலகப் பழக்கத்திலேயே கைக்கு வந்துவிடுகின்றன. ஆனால் விருந்தளித்தவருக்கு நன்றி சொல்லவோ, பயிற்சிக் காலம் முடிந்து வழிகாட்டிய மேலாளருக்கு எழுதவோ, தங்கிய விடுதியைப் பாராட்டவோ உட்கார்ந்தால், ‘ஹேப்பி’, ‘என்ஜாய்’, ‘சாட்டிஸ்ஃபைடு’ என்ற மூன்று சொற்களையே மாற்றி மாற்றிப் போடுகிறோம். முன்னால் ஒரு ‘வெரி’ சேர்த்தால் மகிழ்ச்சி கூடிவிடும் என்றும் நம்புகிறோம். மூன்றும் நல்ல சொற்களே. அவற்றுக்கு உரிய இடத்தில் அவற்றைப் போலப் பொருந்துபவை வேறில்லை. இடம் மாறினால், பாராட்ட நினைத்து எழுதிய வரி படிப்பவருக்கு ஒரு மதிப்பெண் பட்டியலைப் போலத் தோன்றிவிடும்.

ஆங்கிலத்தில் மகிழ்ச்சியைக் குறிக்கும் சொற்றொடர்களைக் குறைவு, நடுத்தரம், மிகுதி என்று அளவை மட்டும் வைத்து அடுக்கிப் படிப்பதுதான் நாம் பள்ளியிலிருந்து கொண்டுவந்த பழக்கம். அளவு முக்கியந்தான். ஆனால் அதற்கு முன்பே ஒவ்வொரு சொற்றொடரும், எழுதுபவர் எந்த இடத்தில் நின்று பேசுகிறார் என்பதைக் காட்டிவிடுகிறது: ஒன்றைப் பெற்றுக்கொண்டவராகவா, அதை மதிப்பிடுபவராகவா, உடன் உழைத்தவராகவா, இன்னொருவரின் நலனில் பங்குகொள்பவராகவா. அந்த இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டால் சொல்லைத் தேடும் வேலை பாதியாகக் குறைந்துவிடும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையிலேயே செல்கின்றன.

முதல் படி: மகிழ்ச்சி எதிலிருந்து வந்தது என்று பிரித்துப் பாருங்கள்

எழுதத் தொடங்கும் முன், உங்களுக்கு மகிழ்ச்சி தந்தது எது என்பதைத் தமிழிலேயே ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு செயலைச் செய்துகொண்டிருந்தபோது, அந்த நேரத்திலேயே கிடைத்த இன்பம் என்றால் அதற்கு உரியது ‘என்ஜாய்’. இசை கேட்டது, நண்பர்களோடு மலைக்குச் சென்றது, ஒரு பாடத்தைப் படித்தது எல்லாம் இதில் அடங்கும். செயல் முடிந்தபின், அதன் விளைவைப் பார்த்து வந்த மகிழ்ச்சி என்றால் ‘பிளீஸ்டு’ அல்லது ‘ஹேப்பி’ பொருந்தும். தேர்வு முடிவு, கட்டி முடித்த வீடு, ஒப்புக்கொள்ளப்பட்ட கட்டுரை ஆகியவை இந்த வகை. நல்லது நடந்தது உங்களுக்கு அல்ல, பிறருக்கு என்றால் ‘ஹேப்பி ஃபார் யூ’ என்றோ, இன்னும் அழுத்தமாக ‘டிலைட்டட் ஃபார் யூ’ என்றோ எழுத வேண்டும்.

நான்காவது வகையைத்தான் நாம் பெரும்பாலும் தவறவிடுகிறோம். ஒரு நாளோ ஒரு நிகழ்ச்சியோ தராத, நீண்ட காலத்தில் ஊறி வரும் நிறைவு அது. உள்ளதே போதும் என்ற அமைதியான நிறைவு ‘கன்டென்ட்’. தான் செய்யும் வேலைக்கு ஒரு பொருள் இருக்கிறது என்று உணரும் நிறைவு ‘ஃபுல்ஃபில்டு’. கடினமாக உழைக்க வைத்து, அந்த உழைப்புக்கு ஈடாக எதையோ திருப்பித் தந்த வேலை ‘ரிவார்டிங்’. முப்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்து ஓய்வு பெறும் ஒருவர், தன் பணியைப் பற்றி ‘ஐ என்ஜாய்ட் மை ஜாப்’ என்று எழுதினால் பிழையில்லை. ஆனால் ‘டீச்சிங் ஹாஸ் பீன் டீப்லி ரிவார்டிங்’ என்ற வரியில், அந்த ஆண்டுகளின் களைப்பும் சேர்ந்தே நிற்கிறது. அந்தச் சொல்லை எளிதாக முடிந்த வேலைக்குச் செலவழித்துவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாம் படி: ‘சாட்டிஸ்ஃபைடு’ என்று எழுதும் முன் ஒரு கணம் நில்லுங்கள்

தமிழில் ‘திருப்தியாகச் சாப்பிட்டேன்’ என்பது விருந்தளித்தவரைக் குளிர வைக்கும் சொல். வயிறும் மனமும் ஒருசேர நிறைந்தன என்று அதற்குப் பொருள். அதையே அப்படியே பெயர்த்து ‘ஐ வாஸ் சாட்டிஸ்ஃபைடு வித் த ஃபுட்’ என்று எழுதினால், அந்தக் குளிர்ச்சி முழுவதும் போய்விடுகிறது. இந்தச் சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் ‘போதும்’ என்று பொருள்படும் ‘சாட்டிஸ்’. ஒரு தேவை இருந்தது, ஓர் எதிர்பார்ப்பு இருந்தது, அது நிரம்பியது என்பதே அதன் உட்பொருள். ஆகவே அதை எழுதுபவர், அளவுகோலைக் கையில் வைத்திருக்கும் இடத்தில் நிற்கிறார். பணம் கொடுத்த வாடிக்கையாளருக்கு அந்த இடம் உரியது. விடுதியைப் பற்றியோ பழுது பார்த்தவரைப் பற்றியோ ‘ஐ ஆம் கம்ப்ளீட்லி சாட்டிஸ்ஃபைடு வித் த சர்வீஸ்’ என்று எழுதுவது இயல்பானது, பயனுள்ளதும்கூட. வீட்டுக்கு அழைத்துச் சமைத்துப் போட்டவரிடம் அந்த இடத்தில் நின்று பேசக் கூடாது. அங்கே ‘வி ஹேட் அ லவ்லி ஈவ்னிங், அண்ட் த ஃபுட் வாஸ் வொண்டர்ஃபுல்’ என்பதே போதும். ‘லவ்லி’ என்ற சொல் பிரிட்டிஷ் வழக்கில் இத்தகைய நன்றிக் கடிதங்களில் மிகுதியாக வரும். அமெரிக்கர்களுக்கு எழுதும்போது ‘வொண்டர்ஃபுல்’ அல்லது ‘கிரேட்’ என்பது இன்னும் இயல்பாக ஒலிக்கும்.

இதே வேரிலிருந்து வரும் ‘சாட்டிஸ்ஃபேக்டரி’ இன்னும் எச்சரிக்கையோடு கையாள வேண்டிய சொல். அது பாராட்டு அல்ல. குறைந்தபட்ச அளவைத் தாண்டியது என்ற சான்று மட்டுமே. இங்கிலாந்தில் பள்ளிகளை ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட் அமைப்பு, தன் நான்கு தர நிலைகளில் மூன்றாவதாக இருந்த ‘சாட்டிஸ்ஃபேக்டரி’யை 2012-இல் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ‘ரிக்வயர்ஸ் இம்ப்ரூவ்மென்ட்’, அதாவது முன்னேற்றம் தேவை என்று வைத்தது. சொல்லின் பொருள் நடைமுறையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. உங்களோடு பணியாற்றியவரின் வேலையை மனமாரப் பாராட்ட விரும்பி ‘யுவர் வொர்க் இஸ் சாட்டிஸ்ஃபேக்டரி’ என்று எழுதினால், அவர் அன்றிரவு உறங்காமல் போகக்கூடும்.

ஆனால் ‘சாட்டிஸ்ஃபையிங்’ அப்படிப்பட்டதல்ல. ஒரு சிக்கல் அவிழும்போதும், ஒரு வேலை ஒழுங்காக வந்து முடியும்போதும் உள்ளே ஏற்படும் நிறைவைச் சொல்ல அது மிக நல்ல சொல். ‘இட் வாஸ் சாட்டிஸ்ஃபையிங் டு சீ த மெஷின் ரன் அகெய்ன்’ என்ற வரியில் யாரும் யாரையும் மதிப்பிடவில்லை. எந்திரம் மீண்டும் ஓடியதைக் கண்ட நிறைவு மட்டுமே இருக்கிறது. இந்த வகையில் இன்னும் முறையான நடைக்கு ‘கிராட்டிஃபையிங்’ உண்டு. பிறருக்காக எடுத்த முயற்சி பலித்ததைக் காணும்போது அது பொருந்தும். நீதிமன்ற, அலுவலக ஆவணங்களில் ‘சாட்டிஸ்ஃபைடு தட்’ என்று வந்தால் அதற்கும் மகிழ்ச்சிக்கும் தொடர்பே இல்லை. ஒரு செய்தி உண்மை என்று மனம் ஒப்பியது என்பதே அங்கே பொருள்.

‘பிளீஸ்டு வித்’ என்பதிலும் இந்த மேலிருந்து பார்க்கும் தன்மை சிறிது உண்டு. ‘ஐ ஆம் பிளீஸ்டு வித் யுவர் வொர்க்’ என்று மேலாளர் உதவியாளருக்கு எழுதலாம். மாணவர் பேராசிரியருக்கு ‘ஐ ஆம் பிளீஸ்டு வித் யுவர் டீச்சிங்’ என்று எழுதினால், அவருக்கே மாணவர் தேர்வு வைத்து மதிப்பெண் போட்டதுபோல் ஆகிவிடும். அந்த இடத்தில் ‘ஐ கிரேட்லி என்ஜாய்ட் யுவர் லெக்சர்ஸ்’ என்று, பெற்றுக்கொண்டவராக நின்று எழுதுவதே மரியாதை. ‘ப்ரவுட் ஆஃப் யூ’ என்பதும் பெற்றோரும் மூத்தோரும் சொல்வது. மூத்தவர்களுக்கு ‘ப்ரவுட் டு ஹேவ் வொர்க்ட் வித் யூ’ என்று மாற்றிவிட்டால் பெருமை நம் பக்கம் வந்துவிடும்.

மூன்றாம் படி: ‘என்ஜாய்’ கேட்கும் இலக்கணத்தைக் கொடுங்கள்

‘நன்றாக என்ஜாய் பண்ணினோம்’ என்று பேச்சுத் தமிழில் சொல்வதில் தடையே இல்லை. அந்தப் பழக்கமே ‘வி என்ஜாய்ட் வெரி வெல்’ என்ற ஆங்கில வரியாக வெளிவரும்போதுதான் சிக்கல். பொது ஆங்கில எழுத்து நடையில் ‘என்ஜாய்’ தனக்குப் பின்னால் எதை என்பதைக் கேட்டுக்கொண்டே நிற்கும் வினைச்சொல். பயணத்தையா, உணவையா, உரையாடலையா? அதைக் கொடுக்க வேண்டும்: ‘வி என்ஜாய்ட் த ட்ரிப்’. குறிப்பாகச் சொல்ல எதுவும் இல்லை, பொதுவாக நன்றாகப் பொழுது போயிற்று என்றால், தன்னையே செயப்படுபொருளாக வைத்து ‘வி என்ஜாய்ட் அவர்செல்வ்ஸ்’ என்று எழுதலாம். அல்லது ‘வி ஹேட் அ குட் டைம்’ என்று விட்டுவிடலாம். உணவகத்தில் தட்டை வைத்துவிட்டு ‘என்ஜாய்!’ என்று மட்டும் சொல்வது இன்று பரவியிருக்கும் விதிவிலக்கு. அது பேச்சுக்கு உரியது.

இரண்டாவதாக, ‘என்ஜாய்’க்குப் பின் இன்னொரு வினை வந்தால் அது ‘இங்’ என்று முடிய வேண்டும். ‘ஐ என்ஜாய் டு ரீட்’ என்பது பிழை, ‘ஐ என்ஜாய் ரீடிங்’ என்பதே சரி. ‘லுக் ஃபார்வர்ட் டு’ என்பதற்குப் பின்னும் இதே விதிதான். ‘டு’ வந்துவிட்டதே என்று வினையின் மூல வடிவத்தைப் போட்டுவிடாமல் ‘லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ’ என்று எழுத வேண்டும்.

காலமும் கவனிக்கத்தக்கது. முடிந்துபோன ஒரு மாலையைப் பற்றி எழுதும்போது ‘ஐ என்ஜாய்ட்’ சரி. வேலையிலிருந்து விடைபெறும் மடலில், இன்றுவரை தொடர்ந்து வந்த ஒன்றைக் குறிக்க ‘ஐ ஹேவ் என்ஜாய்ட் வொர்க்கிங் ஹியர்’ என்பதே பொருத்தம். ‘ஐ என்ஜாய்ட் வொர்க்கிங் ஹியர்’ என்று எழுதினால், அந்த உறவை ஏற்கெனவே மூடி வைத்துவிட்ட தொனி வந்துவிடுகிறது.

இந்தச் சொல்லுக்கு இன்பத்தோடு நேரடித் தொடர்பில்லாத இன்னொரு வாழ்க்கையும் உண்டு. ஒரு நன்மையைப் பெற்றிருத்தல் என்ற பொருளில், ஓர் ஊர் நல்ல தட்பவெப்பத்தை ‘என்ஜாய்’ செய்யும், ஒரு கல்லூரி நற்பெயரை ‘என்ஜாய்’ செய்யும். நம் ஊர்ச் சொத்துப் பத்திரங்களில் வரும் ‘ஆண்டு அனுபவித்து’ என்ற தொடரை ஆங்கிலப் பத்திரங்கள் ‘பொசஷன் அண்ட் என்ஜாய்மென்ட்’ என்று எழுதுவதும் இந்தப் பொருளில்தான். தமிழில் ‘அனுபவித்தல்’ என்பது நோயையும் துன்பத்தையும்கூடத் தாங்கும். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லோடு நல்லவை மட்டுமே சேரும்.

நான்காம் படி: பின்னால் வரும் சிறு சொல்லைச் சரிபாருங்கள்

‘ஹேப்பி வித்’ என்றால் கையில் உள்ள பொருளையோ விளைவையோ ஏற்றுக்கொண்ட மகிழ்ச்சி. ‘ஹேப்பி அபௌட்’ என்றால் ஒரு செய்தியையோ சூழ்நிலையையோ நினைத்து வரும் மகிழ்ச்சி. ‘ஹேப்பி ஃபார்’ என்றால் இன்னொருவருக்காக வரும் மகிழ்ச்சி. நண்பருக்கு வேலை கிடைத்தது என்று கேள்விப்பட்டு ‘ஐ ஆம் ஹேப்பி வித் யூ’ என்று எழுதினால், உன்னோடு வாழ்வது எனக்கு மகிழ்ச்சி என்ற பொருள் வந்துவிடும். ‘டிலைட்டட்’ என்பதற்குப் பின் ‘அட்’, ‘பை’, ‘வித்’ மூன்றும் வரலாம்; செய்தியைக் குறிக்க முதலிரண்டும், பொருளைக் குறிக்க மூன்றாவதும் மிகுதி. ஐயம் வந்தால் ‘டு’ போட்டு ஒரு வினையைச் சேர்த்துவிடுங்கள்: ‘டிலைட்டட் டு ஹியர் த நியூஸ்’. பெரும்பாலான இடங்களில் இது பாதுகாப்பான வழி.

ஒரு தொல்லை இன்னும் இருக்கிறது. ‘ஃபன்’ என்பதும் ‘ஃபன்னி’ என்பதும் ஒரே குடும்பமானாலும் வேறு வேறு. ‘த ட்ரிப் வாஸ் ஃபன்னி’ என்றால் பயணம் சிரிப்பாக இருந்தது, அல்லது ஏதோ விசித்திரமாக இருந்தது என்று பொருள். ஜாலியாக இருந்தது என்று சொல்ல ‘த ட்ரிப் வாஸ் கிரேட் ஃபன்’ அல்லது ‘எ லாட் ஆஃப் ஃபன்’ என்று எழுத வேண்டும்.

ஐந்தாம் படி: அளவைக் கூட்டவும் குறைக்கவும்

‘டிலைட்டட்’, ‘த்ரில்டு’ போன்ற சொற்களுக்குள்ளேயே ‘மிகவும்’ என்பது அடங்கியிருக்கிறது. அதனால் அவற்றின் முன் ‘வெரி’ ஒட்டாது. அழுத்தம் வேண்டுமானால் ‘அப்சல்யூட்லி டிலைட்டட்’ என்று எழுதுவார்கள். ‘ஹேப்பி’, ‘பிளீஸ்டு’ இரண்டோடும் ‘வெரி’ நன்றாகச் சேரும். ‘என்ஜாய்’க்கு மிக நெருங்கிய துணை ‘தரோலி’, அதாவது முழுமையாக. ‘கன்டென்ட்’ என்பதற்கு ‘பெர்ஃபெக்ட்லி’. ‘கிரேட்ஃபுல்’, ‘சாட்டிஸ்ஃபையிங்’ ஆகியவற்றுக்கு ‘டீப்லி’. இந்தச் சேர்க்கைகளை விதியாக மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு முறையும் பார்த்து எழுதிப் பழகுவதே நிலைக்கும். ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மன் ஆகிய கற்போர் அகராதிகள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஒரு சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் என்பதை அவை எடுத்துக்காட்டோடு காட்டும். இன்னும் ஆழமாகப் பார்க்க விரும்புவோர், பிரிட்டிஷ் ஆங்கில எழுத்தையும் பேச்சையும் திரட்டி வைத்த, சுமார் 10 கோடிச் சொற்களைக் கொண்ட தொகுப்பான பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸில் இரண்டு சொற்களையும் சேர்த்துத் தேடி, மக்கள் உண்மையில் அப்படி எழுதுகிறார்களா என்று கண்டறியலாம்.

‘குவைட்’ என்ற சொல்லை மட்டும் தவிர்த்துவிடுமாறு வேண்டுகிறேன். ‘த புக் இஸ் குவைட் குட்’ என்று எழுதினால், அமெரிக்கர் அதை மிக நன்று என்று எடுத்துக்கொள்வார், பிரிட்டிஷ்காரர் சுமார்தான் என்று எடுத்துக்கொள்வார். பாராட்டுக் கடிதத்தில் இந்த ஐயத்துக்கு இடம் தர வேண்டியதில்லை. பிரிட்டிஷ் நண்பர் ‘நாட் பேட் அட் ஆல்’ என்று எழுதியிருந்தால் மனம் தளரவும் வேண்டாம். அடக்கிச் சொல்லும் அவர்கள் வழக்கில் அது நல்ல பாராட்டு.

ஆறாம் படி: யார் படிக்கப்போகிறார் என்று பாருங்கள்

மகிழ்ச்சியில் மிதப்பதைச் சொல்லும் ‘ஓவர் த மூன்’, ‘ஆன் கிளவுட் நைன்’, கொண்டாட்டமாகப் பொழுது போனதைச் சொல்லும் ‘ஹேட் அ பிளாஸ்ட்’ ஆகியவை நண்பர்களுக்கும் குடும்பத்துக்கும் உரியவை. வேலை வாய்ப்பை ஏற்றுக்கொள்ளும் கடிதத்தில் அவை வந்தால் எழுதியவரின் நிதானத்தைப் பற்றிக் கேள்வி எழும். அங்கே ‘ஐ ஆம் டிலைட்டட் டு அக்செப்ட்’ என்பதே எல்லாவற்றையும் சொல்லிவிடும். மறுபக்கம், ‘இட் கிவ்ஸ் மீ இம்மென்ஸ் பிளஷர்’ என்பது மேடைக்கும் அழைப்பிதழுக்கும் பொருத்தமான தொடர். உடன் பணியாற்றும் தோழிக்கு அனுப்பும் இரண்டு வரி மடலில் அது வந்தால், அன்பு விலகி நின்றுவிடும். நடுவில் நின்று எங்கும் பயன்படுவது ‘இட் வாஸ் அ பிளஷர் வொர்க்கிங் வித் யூ’. இதில் மேலோர், கீழோர் என்ற கோடு இல்லை. மேலாளர் பயிற்சியாளருக்கும் எழுதலாம், பயிற்சியாளர் மேலாளருக்கும் எழுதலாம்.

ஏழாம் படி: ஒரு கடிதத்தைத் திருத்திப் பார்ப்போம்

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் பயிற்சி முடித்த மாணவி, தன்னை வழிநடத்திய பொறியாளருக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முதல் வரைவு இப்படி வருகிறது: ‘ஐ ஆம் வெரி வெரி ஹேப்பி அண்ட் ஃபுல்லி சாட்டிஸ்ஃபைடு வித் யுவர் கைடன்ஸ். ஐ என்ஜாய்ட் வெரி வெல்.’ உணர்வு உண்மையானது. ஆனால் ‘சாட்டிஸ்ஃபைடு வித் யுவர் கைடன்ஸ்’ என்பது வழிகாட்டியவரையே மதிப்பிடுகிறது. ‘என்ஜாய்ட்’ எதை என்று சொல்லாமல் நிற்கிறது. எல்லாவற்றையும் விட, இந்தக் கடிதத்தை எந்த மாணவியும் எந்தப் பொறியாளருக்கும் அனுப்ப முடியும்.

இப்போது முதல் படிக்குத் திரும்புவோம். எது மகிழ்ச்சி தந்தது? சோதனை மேடையில் பம்புகளை ஓட்டிப் பார்த்த வேலை. அது செயலின் இன்பம். அழுத்தம் ஏன் குறைகிறது என்று தேடி, கடைசியில் தேய்ந்துபோன ஒரு ‘சீல்’, அதாவது கசிவைத் தடுக்கும் அடைப்பு, அதைக் கண்டுபிடித்தது. அது உழைத்துப் பெற்ற நிறைவு. தன் கேள்விகளுக்கு அவர் நேரம் ஒதுக்கியது. அது நன்றிக்கு உரியது. மூன்றுக்கும் மூன்று வரிகள்: ‘ஐ தரோலி என்ஜாய்ட் வொர்க்கிங் ஆன் த பம்ப் டெஸ்ட்ஸ். ட்ரேசிங் த பிரஷர் லாஸ் டு அ வோர்ன் சீல் வாஸ் த மோஸ்ட் ரிவார்டிங் பார்ட் ஆஃப் மை ட்ரெயினிங். ஐ ஆம் டீப்லி கிரேட்ஃபுல் ஃபார் த டைம் யூ கேவ் டு மை கொஸ்டின்ஸ்.’ இவற்றில் ‘வெரி’ ஒன்றுகூட இல்லை. இருந்தும் முதல் வரைவைவிட மகிழ்ச்சி கூடுதலாகத் தெரிகிறது. அந்தத் தேய்ந்த சீல்தான் அதற்குக் காரணம். சொற்றொடரை எவ்வளவு கவனமாகத் தேர்ந்தாலும், அதோடு ஓர் உண்மையான நுணுக்கம் சேர்ந்தால்தான் படிப்பவர் நம்புவார்.

நான்காவதாக ‘ஐ ஆம் சோ ஹேப்பி’ என்று இன்னொரு வரி சேர்க்க மனம் வரும். சேர்க்காமல் விடுவதே நல்லது. மகிழ்ச்சியை இரண்டு முறை அறிவித்தால் இரண்டும் மெலிந்துவிடும். முடிப்பதற்கு ‘இட் வாஸ் அ பிளஷர் டு வொர்க் வித் யுவர் டீம்’ என்று குழுவினர் அனைவரையும் உள்ளடக்கிய ஒரு வரி போதும்.

பொறியாளர் பதிலில் ‘த பிளஷர் வாஸ் ஆல் மைன்’ என்று எழுதி, மாணவியின் வேலையையும் பாராட்டினால், மறுபடியும் முதலிலிருந்து நன்றி சொல்லத் தொடங்க வேண்டியதில்லை. ‘தேங்க் யூ, தட் மீன்ஸ் அ கிரேட் டீல் டு மீ’, உங்கள் சொல் எனக்குப் பெரிது என்ற ஒரே வரியை அனுப்பிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.